தரைவழியும் செயற்கைக்கோளும் ஒன்றல்ல

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்,
மாடி வீடு, அஞ்சலகம் எதிரில்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
தொலைத்தொடர்புத் துறை.

பொருள்: தரைவழிக் கம்பியும் செயற்கைக்கோளும் சேர்ந்த கலப்பு இணைய இணைப்பில் பேச்சு தாமதமாவது, இணைப்பு தந்த நிறுவனம் அதை மறுப்பது குறித்து.

மதிப்புக்குரிய ஐயா,

1. வயது காரணமாக எனக்குக் கருவியைக் கையாளத் தெரியவில்லை என்று சொல்லி நிறுவனம் என் முந்தைய புகாரை முடித்துவிட்டது. இது பொய். நான் கான்வென்ட்டில் படித்தவள். கையேட்டை முழுதும் படிக்காமல் எதையும் தொடமாட்டேன். அவர்கள் ஊழியர் மாற்றிச் செருகிவிட்டுப் போன கம்பியைச் சரிசெய்தவளே நான்தான்.

2. பக்கவாதத்தால் பேச்சிழந்த என் தங்கை வெளியூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். மாலைதோறும் காணொளி அழைப்பில் நான் சொல்லும் சொல்லை அவள் திருப்பிச் சொல்வாள். சரியாகச் சொன்ன மறுகணமே நான் "சரி" என்றாக வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் வகுத்த முறை இது.

3. தரைவழிக் கம்பியில் இது தடையின்றி நடக்கிறது. ஆனால் மாலையில் தெருவே படம் பார்க்க உட்கார்ந்ததும் கம்பியில் நெரிசல். உடனே மோடம் யாரையும் கேட்காமல் அழைப்பைச் செயற்கைக்கோளுக்கு மாற்றிவிடுகிறது. படம் பளிச்சென்று வருகிறது, ஆனால் வானம்வரை போய்த் திரும்புவதால் பேச்சு பின்தங்குகிறது. என் "சரி" போய்ச் சேர்வதற்குள், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பதறி அவள் மறுபடி தொடங்குகிறாள். அப்போது என் குரல் போய் அவள் வாயை அடைக்கிறது.

4. வந்த தொழில்நுட்பர் வேகத்தை மட்டும் அளந்துவிட்டு, "ஸ்பீடு சூப்பரா இருக்கும்மா. படம் நிக்காம ஓடுதுல்ல? அப்புறம் என்ன குறை?" என்றார். படம் பார்க்கவா இணைப்பு வாங்கினேன்?

5. ஒப்பிட்டுப் பார்க்க, தரைவழி மட்டுமே உள்ள கீழ்வீட்டுத் தையல்காரரின் கூடத்திலிருந்து அதே மாலை நேரத்தில் அழைத்தேன். தங்கையின் முகம் கட்டம் கட்டமாகக் கலங்கியது. ஆனால் பேச்சு உடனுக்குடன் வந்தது. "அக்கா, தண்ணி" என்று முழுதாகச் சொன்னாள். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "அம்மா, பேசிட்டாங்களே!" என்றார். இதைத் தெரிவித்தும், இரு வழியிலும் அனுபவம் சமமே என்கிறது நிறுவனம். அப்படிச் சொல்பவர் ஒரு மாலை என் நாற்காலியில் உட்காரட்டும்.

6. நேற்று என் வீட்டு இணைப்பில் அழைத்தபோது தங்கை வாயே திறக்கவில்லை. கையை அசைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாள் தவறாமல் அடுத்தவர் வாசலில் போய் நிற்க என்னால் ஆகாது, நிற்கவும் மாட்டேன்.

7. படம் கலங்கினாலும் பரவாயில்லை, அழைப்புகள் தரைவழியிலேயே இருக்கும்படி மோடத்தை அமைத்துத்தர நிறுவனத்துக்கு உடனே உத்தரவிடுங்கள். இது முடியுமா, முடியாதா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் வரும் சமாதானங்களை நான் பதிலாக ஏற்கமாட்டேன்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: மனுதாரர் இல்லம்

(கையொப்பம்)
மனுதாரர்