பொவிடில் யார்?

வியன்னா, 6 நவம்பர் 1814

அன்புள்ள அப்பாவுக்கு, வால்புர்காவின் பணிவான வணக்கம்.

நலம். உங்கள் இருமல் எப்படி? ஈஸ்டருக்குப் பின் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. நாடுகளைப் பங்கு பிரிக்கும் மாநாட்டுக்காக இங்கே ஊர் முழுக்க அரசர்கள். தபாலெல்லாம் பிரித்துப் படித்த பிறகுதான் போகிறதாம். அதனால்தான் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அறை பெருக்கும் வீட்டில் ஒரு வெளிநாட்டுத் தூதர் தங்கியிருக்கிறார். அவர் குப்பைக்கூடையில் கிடக்கும் கிழிந்த காகிதங்களைக் கொண்டுவந்து தந்தால் கல்யாண அனுமதிச் சீட்டு தருவதாக உளவு அதிகாரி ஒருவர் சொன்னார். அந்தச் சீட்டு இல்லாமல் வென்செலுக்கும் எனக்கும் எந்தக் கோயிலிலும் கல்யாணம் நடக்காது. வேலைக்காரிகளில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான்தான். நீங்கள் படிக்க வைத்தது இதற்கா என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் செய்தேன்.

நம் ஊரில் பொவிடில் என்றால் பிளம்ஸ் பழக் களி. இங்கே 'எனக்கென்ன வந்தது' என்பதற்கும் அதே சொல்தான். தூதரின் செயலாளருக்கு இது தெரியாது. சாக்சனி நாடு யாருக்குச் சேர வேண்டும் என்று அவர் சமையற்கார அப்பலோனியா அக்காவைக் கேட்டார். அக்கா, "எனக்குப் பொவிடில்! தள்ளி நில்லுங்க, பால் பொங்குது" என்றாள். வண்டிக்காரரும் பொவிடில் என்றார். நகரமே பொவிடில் பக்கம் என்று செயலாளர் தம் அரசருக்கு எழுதிவிட்டார்.

அரசரின் பதில் கூடையில் கிடைத்தது. துண்டுகளைச் சேர்த்துப் படித்தேன்: "யார் இந்தப் பொவிடில்? எத்தனை படை வைத்திருக்கிறான்?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அதிகாரியிடம் விளக்கியிருக்க வேண்டும். அவர் டிரோல் மலைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், அவருக்கும் இந்தச் சொல் தெரியாது. என் கூச்சம்தான் தெரியுமே, பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வென்செல் வழக்கம்போல் வாசலில் பழக் களிப் பீப்பாயை இறக்கி, "பொவிடில் வந்திருக்கு!" என்று கூவினார். உளவு ஆட்கள் நான்கு பேர் பாய்ந்து அவரையும் பீப்பாயையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பாதிரியார் என் பெயரைக் கேட்டாலே உங்கள் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்தவள், உளவு அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி ரகசியக் காகிதம் தேடிப் பீப்பாய்க்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார். "பொவிடில் எங்கடி ஒளிஞ்சிருக்கான்? சொல்லு!" என்று அதட்டினார். "உங்க சட்டைக் கையிலதான் ஐயா இருக்கான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

குமாஸ்தாக்கள் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்கள். பெரிய அதிகாரி வந்தார், விஷயத்தைக் கேட்டார், விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "கிராம்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லி வென்செலை விடுவித்து, அங்கேயே கல்யாணச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். வெளியே மூச்சு விடக் கூடாதாம். இனிக் காகிதம் பொறுக்க மாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

இன்று கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். திருவருகைக் காலம் தொடங்குமுன், 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, கல்யாணம். "பீப்பாய் தூக்குறவனுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்" என்று முன்பு கேட்டீர்கள். அந்தப் பீப்பாயை நீங்கள் ஒருமுறை ருசி பார்க்க வேண்டும்.

உங்கள் கைபிடித்துக் கோயிலுக்குள் நடக்கக் காத்திருக்கும் மகள்,
வால்புர்கா

இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு: மூச்சு விட்டதற்கு மன்னியுங்கள். என் பழைய கடிதங்கள் இரண்டும் உங்கள் மேசையில் கிடந்தால், இதோடு சேர்த்து உடனே அனுப்புங்கள். அப்பாவுக்குக் கோபமில்லை, கடிதம்தான் போய்ச் சேரவில்லை என்று வென்செலிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.