மணப்பெண்ணின் மெமரி கார்ட்

2009 மே 3, ஞாயிறு

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. தொண்டை வறட்சி. இன்று மருதமுனையில் சிபானாவின் கலியாணம். பட்டரி சார்ஜ், அபாயா இஸ்திரி, பிளாஷ் மறக்கக் கூடாது.

காலையில் கட்டாரிலிருந்து காக்கா, என் மூத்த சகோதரர், போனில். கமரா வாங்கி அனுப்பியவர், அதனால் புத்தியும் சொல்வார்.

"சின்னன் சைஸ்ல J-ல எடுக்காத புள்ள. பெரிசு வை, R-ல எடு. ரூம் லைட்டு மஞ்சளாக் கிடந்தாலும் புறகு திருத்தலாம்."

J என்றால் JPEG. எந்தக் கொம்பியூட்டரிலும் திறக்கும். R என்றால் RAW. காக்கா அனுப்பிய சீடியைப் போட்ட என் கொம்பியூட்டரில் மட்டும்தான் திறக்கும். சிபானாவின் படுக்கையறையில் மாட்டப் பெரிய படம் கேட்கிறார்கள். ஆகவே R.

உள்ளறையில் பெண்கள் மட்டும். சிபானா முக்காடில்லாமல், தலைமுடியை விரித்துப்போட்டு, பூ வைக்கும்போது எடுத்தேன். "ஆம்புளட கண் படப்படாது" என்று அவளுடைய உம்மா. படாது என்றேன். பிலிம் காலத்தில், கழுவுகிற கடைக்காரன் பார்ப்பான் என்று இந்த ஊர்ப் பெண்கள் கமரா முன்னால் நிற்கவே மாட்டார்கள். நானே எடுத்து, என் வீட்டிலேயே அச்சடித்துக் கையில் கொடுப்பதால்தான் நிற்கிறார்கள்.

திரும்பி வரும்போது செக் பொயின்ட். படத்தைப் போட்டுக் காட்டு என்றான் ஆமிக்காரன். பிளாஷ் அடித்தே பட்டரி செத்துப்போயிருந்தது. கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கு பாத்து குடுக்கிறது."



மே 4, திங்கள்

சோறு குழைந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, அதுவே ஒரு மாதிரி.

வீட்டுக்காரர் ஆமி முகாமுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். கார்டைத் தரவில்லை. அவர்களுடைய கொம்பியூட்டரில் ஒன்றும் திறக்கவில்லையாம். எல்லாம் வெறும் நம்பர். என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். புதன்கிழமை கமராவோடு இரண்டு பேரும் வர வேண்டும்.

"ஒளிக்கல்ல எண்டு எத்தின தரம் செல்ற? என்ட சிங்களம் மூணு சொல்லோட முடிஞ்சி போச்சு" என்று சிரித்துக் காட்டினார். தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

முதலில் சந்தோசம்தான். திறக்காதவரை எவன் கண்ணும் படவில்லை. பிறகுதான் உறைத்தது. திறக்காததால்தானே சந்தேகம்.

விசாரணை என்று போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் மனதில் வருகின்றன. எழுதமாட்டேன்.

மே 5, செவ்வாய்

வெயில். தலையிடி. கமரா சார்ஜில்.

சிபானாவின் உம்மா கலியாண இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்தார்.

"பாத்தானுகளா புள்ள?"

"இல்ல மாமி. தொறக்க ஏலாமக் கிடக்காம்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்படியே தொறக்காமக் கிடக்கட்டும்."

அவருக்கு நிம்மதி. நான் வட்டிலப்பத்தை மூடி வைத்தேன்.

என்ன செய்யலாம்? கமரா பழுது என்று சொல்வது. பழுதாக்கிக்கொண்டு போக வேண்டும். கார்டைப் போட்டதும் எல்லாவற்றையும் அழித்துவிடுவது. அழித்தால் வீட்டுக்காரரை விடுவார்களா? பெண் பொலிஸைக் கேட்பது. ஓம், அதுதான் சரி. அவள் பார்க்கட்டும்.

வீட்டுக்காரரின் அடையாள அட்டை மேசையில்தான் இருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தேன்.

மே 6, புதன்

முகாம் வாசலில் ஒருவன் வெசாக் பண்டிகை விளக்குக் கூட்டுக்கு வெள்ளைத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தான். எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

உள்ளே இருந்த ஆமிப் பெரியவருக்குத் தமிழ் தெரிந்தது. தண்ணீர் தந்தார். கார்ட் மேசையில். பெண் பொலிஸ் ஒருவர் பார்க்கட்டும் என்று கேட்டேன்.

"லேடி லீவு. அடுத்த கிழமை வாங்க. அதுவரைக்கும் மாத்தயா இங்க இருக்கட்டும்."

மாத்தயா என்றது வீட்டுக்காரரை. சத்தம் போடவில்லை. கடை பூட்டியிருக்கிறது, பிறகு வா என்பதுபோலச் சொன்னார்.

"நான் இரிக்கன். நீ ஊட்ட போ" என்றார் வீட்டுக்காரர். அவருடைய சேட்டுக் கொலர் நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது.

கார்டைக் கமராவுக்குள் போட்டேன். நானேதான் போட்டேன். கமரா படங்களை இலகுவாகத் திறந்தது.

மூன்று ஆண்கள் குனிந்து பார்த்தார்கள். ஒவ்வொரு படமாக நானே நகர்த்தினேன். தலைமுடி. கழுத்து. பூ வைக்கிற கைகள். சிபானா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். வீட்டுக்காரர் எழுந்துபோய், முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவன் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். பெரியவர் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"கல்யாணம் தானே. போங்க."

அவர்கள் கொம்பியூட்டரில் ஏற்றியது இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்காமலே கார்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மே 7, வியாழன்

உடம்பு கொதிக்கிறது. பனடோல் இரண்டு. வாசலில் ஓட்டோ நின்றால் ஜன்னலால் எட்டிப் பார்க்கிறேன். சண்டை முடியப்போகிறது என்கிறது ரேடியோ. முடியட்டும்.

பின்நேரம் சிபானா போன் எடுத்தாள். பக்கத்தில் உம்மா இல்லையாம். "தொறக்காமலே தந்திட்டானுகளா ராத்தா?"

ஓம் என்று சொல்லத்தான் இருந்தேன். வாய் வேறு விதமாகத் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த கிழமை வரைக்கும் வீட்டுக்காரரை வைத்திருப்போம் என்றதையும், நானே கமராவைப் போட்டுக் காட்டியதையும்.



"உங்கட மாப்பிள்ள ஊட்ட வந்திட்டாரா ராத்தா?"

"ஓம்."

"அப்ப இத உம்மாட்ட செல்லாதீங்க." மூக்கை உறிஞ்சினாள். "இனி எனக்கிட்டயும் செல்லாதீங்க."