பத்தாம் நம்பர் செருப்பு

மே 3, சனி. ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி.

கராஜில் இருந்த என் பழைய தோல் செருப்பைக் காணவில்லை. இடது வார் அறுந்து, நானே நீல நைலான் நூலால் தைத்தது. வசந்தாமணியைக் கேட்டால், "உங்க செருப்புக்கு நான் காவலா?" என்கிறாள். இந்த வீட்டில் என் பொருளுக்கு மட்டும் எப்போதும் கால் முளைத்துவிடுகிறது.

மகள் எழில் காலையில் கிளம்பிவிட்டாள். ஜெர்சி சிட்டி வங்கி வேலையை விட்டாயிற்று. இனி நாட்டின் மறுகோடியில், ஃப்ரீமாண்டில் வேலை. ஒரே விமானத்தில் போய் இறங்கலாம். இவள் காரில் போகிறாளாம், தனியாக, ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு. "ஐ வான்ட் டு ஸீ இட் பை மைசெல்ஃப், அப்பா." அவள் வயதில் நான் எடிசனில் நாலு பேரோடு ஒரே அறையில் தரையில் படுத்திருந்தேன். எனக்கு எந்த ஊரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வழியனுப்ப நான் வெளியே போகவில்லை. சம்மதம் கேட்காதவளுக்குக் கையசைப்பு எதற்கு?

மே 6, செவ்வாய்.

இணையத்தில் பயணக் குறிப்பு எழுதுகிறாள். தனியாகப் பயணம் போகும் பெண்ணின் அனுபவங்களாம். ஆபீஸில் படித்தேன். வர்ஜீனியா மலைக்கு ஒரு பத்தி, டென்னசி மழைக்கு ஒரு பத்தி. வளர்த்தவர்களுக்கு ஒரு வரி கிடையாது. போகிற இடத்திலெல்லாம் இரண்டு காபி வாங்குகிறாளாம், இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டுதான் காருக்கு நடக்கிறாளாம். ஒருத்திக்கு எதற்கு இரண்டு காபி? காசைக் கரியாக்குகிறாள். அதற்கு நூறு பேர் 'லைக்' வேறு.

மே 8, வியாழன்.

நான் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. டெக்சாஸ் போனால் ரவுண்ட் ராக்கில் மயில்சாமி வீட்டில் தங்க வேண்டும். மயில்சாமி என் சிபாரிசில் இந்த நாட்டுக்கு வந்தவர். என்னை முந்தி கிரீன் கார்டு வாங்கிவிட்டு, அதை ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் சொல்லிக் காட்டுகிறவர். இருக்கட்டும். பெண் மோட்டலில் படுப்பதற்கு அந்த வீடு மேல். நாளை அங்கே போய்ச் சேருவாள்.

மே 9, வெள்ளி.

மயில்சாமி கூப்பிட்டார்.

"ஏனுங்க நஞ்சுண்டன், உங்க பொண்ணு பண்ணுனது உங்களுக்கே நல்லாருக்குதுங்களா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சோஃபால உக்காந்திருக்கறாங்க. அது பாட்டுக்குப் பையத் தூக்கிட்டுப் போயிருச்சு."

எந்த மாப்பிள்ளை? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் அவர் மனைவி தனபாக்கியமும் யாரோ ஒரு பையனின் குடும்பத்தைச் சாப்பிட அழைத்திருக்கிறார்கள். எழில் படுக்க வேண்டிய கட்டிலில் பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறார்கள். "சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதானுங்க." பெற்றவனிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? என் பெண் என்ன, அவர் வீட்டு ஷோகேஸ் பொம்மையா?

உடனே எழிலைக் கூப்பிட்டேன். "யூ செட் மீ அப், அப்பா." நானே திட்டம் போட்டு மாட்டிவிட்டேனாம். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூட விடவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எந்த மோட்டல், எந்த அறை என்பதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மே 10, சனி.

எதிலிருந்து தொடங்குவது?

எழில் தன் ஜாக்கெட்டை மயில்சாமி வீட்டில் விட்டுவிட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி வசந்தாமணி அவருக்கு மோட்டல் விவரம் சொல்லியிருக்கிறாள். காலையில் போனவர் பார்க்கிங்கிலிருந்து எனக்குப் போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. ரூம் வாசல்ல ஆம்பளச் செருப்பு கெடக்குதுங்க. நான் தட்டலீங்க. தட்டுனா நாகரிகமில்ல பாருங்க."

தட்டுவது நாகரிகமில்லை. போட்டோ எடுத்து அனுப்புவது நாகரிகம்.

யார் அவன்? இதற்குத்தான் காரா? இதற்குத்தான் இரண்டு காபியா? எங்களைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி— அப்போது போட்டோ வந்தது. ஒரு கதவு, ஒரு கால்மிதி, ஒரு ஜோடி தோல் செருப்பு. இடது வாரில் நீல நூல்.

மயில்சாமியைக் கூப்பிட்டேன்.

"அது என் செருப்பு."

"நீங்க நியூ ஜெர்சிலதான இருக்கறீங்க?"

"ஆமா."

"அப்பறம் எப்படிங்க—"

"என் செருப்பு, மயில்சாமி. ஜாக்கெட்ட அது மேலயே வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க."

வசந்தாமணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள். "நாந்தான் குடுத்தேன். வாசல்ல ஆம்பளச் செருப்பு கெடந்தா உள்ள ஆள் இருக்குன்னு எவனும் கிட்ட வரமாட்டான். கல்யாணத்துக்கு முந்தி ஊர்ல, பீளமேட்டுல ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போனப்ப நானும் எங்கண்ணன் செருப்பத்தான் போட்டு வெச்சிருந்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா லெக்சர் அடிப்பீங்க."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் இதை அவள் சொன்னதில்லை. இரண்டாவது காபியும் இப்போதுதான் விளங்குகிறது. காரில் ஒருவன் காத்திருக்கிறான் என்று பார்க்கிறவன் நினைக்க வேண்டும்.

என் பெண் படித்திருக்கிறாள், சம்பாதிக்கிறாள், மலைப்பாதையில் தனியாக வண்டி ஓட்டுகிறாள். அதெல்லாம் அந்த வாசலில் செல்லாது. குப்பைத் தொட்டியை இழுக்க நான் போட்டுக்கொண்டிருந்த செருப்பு செல்லும். பீளமேட்டில் செல்லுபடியானது டெக்சாஸிலும் செல்லுபடியாகிறது. மயில்சாமி மேல், மேனேஜர் மேல், விசா ஆபீஸ் மேல் எல்லாம் கோபப்பட்டு எனக்குப் பழக்கம். இந்தக் கோபத்தை எந்த ஆள் மேல் வைப்பது?

மே 11, ஞாயிறு.

"மயில்சாமி செய்தது எனக்குத் தெரியாது" என்று எழிலுக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மே 13, செவ்வாய்.

நியூ மெக்சிகோவிலிருந்து அவளே கூப்பிட்டாள்.

"அம்மா சொன்னாங்க. யூ ரியலி டிட்ன்ட் நோ?"

"தெரியாதும்மா."

பிறகு, "மயில்சாமி அங்கிள் என் ஜாக்கெட்ட நீட்டா மடிச்சு உங்க செருப்பு மேல வெச்சிருந்தாருப்பா. லைக் அன் ஆஃபரிங், படையல் மாதிரி" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அப்பா, ரைட் ஸ்ட்ராப்பும் பிஞ்சிடுச்சு."

"தூக்கிப் போடு. கடையில புதுசு வாங்கிக்கோ."

"புதுசுன்னா நம்ப மாட்டாங்கப்பா. ஃபேக்னு தெரிஞ்சிடும். ஃப்ரீமாண்ட் அபார்ட்மென்ட்லயும் நான் தனியாதான இருக்கப் போறேன்?"

அநியாயம். பொய்யிலும் ஓட்டை இருக்கக் கூடாதாம்.

மே 17, சனி.

ஃப்ரீமாண்ட் போய்ச் சேர்ந்துவிட்டாள். அபார்ட்மென்ட் முகவரி அனுப்பியிருக்கிறாள், அம்மாவுக்கு அல்ல, எனக்கு.

காலையில் பத்தாம் நம்பரில் ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கினேன். போட்டுக்கொண்டு மழையில் தெருவைச் சுற்றினேன். தக்காளிப் பாத்தியைக் கொத்தினேன். டிரைவ்வேயில் காலை இழுத்து இழுத்து நடந்ததை எதிர்வீட்டு அமெரிக்கர் காபிக் கோப்பையோடு நின்று பார்த்தார். பார்க்கட்டும்.

"புதுச் செருப்ப ஏன் இப்படிப் பாழாக்கறீங்க?" என்று கேட்டு வெளியே வந்த வசந்தாமணி, நான் காலை இழுத்து நடப்பதைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு காலி அட்டைப்பெட்டியோடு வந்தாள்.

சேறு நன்றாக ஏறிவிட்டது. குதிகால் இன்னும் தேயவில்லை. நாளைக்கும் நடக்க வேண்டும்.