விலகி நின்ற வாக்கு

அக்கா,

இன்று காலை நம் சபையில் மணியடிக்கும் பெரியவர் சட்டமிட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் சாய்த்து வைத்தார். வார்னிஷ் இன்னும் காயவில்லை. அறை முழுவதும் அந்த நெடி. படத்தில் நீ பிரசங்க பீடத்தில் நிற்கிறாய். திண்டிவனத்து ஸ்டூடியோ ஒன்றில் கம்ப்யூட்டரில் ஒட்டிய வேலை. நீ முனைவர் பட்டம் வாங்கிய அன்று நாம் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். மைக் உன் வாய்க்கு நேராக இல்லை, காதுக்கு நேராக இருக்கிறது. என்னை நீக்கியவர்கள், உன் தோளைப் பற்றியிருந்த என் விரல்களை நீக்க மறந்துவிட்டார்கள். பீடத்தில் நிற்கும் உன் தோளில் உடலில்லாத நான்கு விரல்கள் இருக்கின்றன.

"அக்கா எப்பங்க அந்தப் பீடத்துல ஏறினாங்க?" என்று கேட்டேன்.

"போட்டோவுலயாவது ஏறட்டுமே சார். கமிட்டியில எல்லாரும் ஒத்துக்கினாங்க. உள்ளார மாட்டப் போறாங்க. செயலர் நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினேன். இதைத் துணிச்சல் என்று எண்ணிவிடாதே. அந்த நான்கு விரல்களைச் சுவரில் பார்க்க விருப்பமில்லை, அவ்வளவுதான்.

இறையியலில் முனைவர் பட்டம் பெற்று 2004இன் நடுவில் நீ மரக்காணத்துக்குத் திரும்பியபோது, அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இந்த ஊருக்குத் தெரியவில்லை. துயரப்படுகிறவன் கடவுளோடு வழக்காடுவதும் வழிபாடே என்பதை நிறுவ நீ ஆறாண்டுகள் உழைத்திருந்தாய். சபை உனக்குக் கொடுத்த வேலைகளை நான் அறிவேன்: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைப்பது, திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவித் துடைப்பது, பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளுக்குச் சொட்டு நீலம் போடுவது. இவற்றோடு வெளியில் சொல்லாத வேலை ஒன்றும் இருந்தது. போதகருக்கு மூன்று ஊர்ச் சபைகள். பிரசங்கம் தயாரிக்க நேரமில்லை என்றார். சனிக்கிழமைதோறும் நீ எழுதிக் கொடுத்தாய். எந்த இடத்தில் மூச்சுவிட வேண்டும் என்பதைக்கூடச் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தாய். மறுநாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, உன் வாக்கியங்களை அவர் குரலில் கேட்டுக்கொண்டிருந்தாய். இது முறையா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "கடுதாசிய யாரு எழுதினா என்னடா, போஸ்ட்மேன் கொண்டுபோய் சேத்தா சரி" என்றாய்.

அந்த டிசம்பரில், ஞாயிறு காலையில், கடல் உள்ளே வந்தது. மீனவக் குப்பத்து மக்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். எங்கள் பங்குக்கு நாங்கள் பாயும் அரிசியும் அனுப்பிவிட்டுத் திரும்பினோம். நீ அங்கேயே இருந்தாய். ஒரு நாள் உன்னைத் தேடி வந்தபோது கேட்ட உரையாடல் சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"டாக்டரம்மா, கொழந்தைக்கு மூணு நாளா ஜொரம். ஒரு ஊசி போடுங்க."

"நான் ஊசி போடற டாக்டர் இல்லம்மா. சாமியப் பத்திப் படிச்ச டாக்டர்."

அந்தப் பெண் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், சாமிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்றாள்.

நீ வாய்விட்டுச் சிரித்தாய். அவளும் சிரித்தாள். அவள் பெயர் அஞ்சலை, இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது என்பதைப் பிறகு சொன்னாய்.

ஓராண்டு நிறைவுக்கு நம் ஆலயத்தில் நினைவுக் கூட்டம் நடத்தக் கமிட்டி முடிவு செய்து, குப்பத்தையும் அழைத்தது. அஞ்சலை என் வக்கீல் அலுவலகத்துக்கே வந்தாள். "டாக்டரம்மா பேசறதா இருந்தா நாங்க வர்றோம் சார். வேற யாரு பேசினாலும் எங்களுக்கு புத்திதான் சொல்லுவாங்க." அதைக் கோரிக்கையாக எழுதி அவளிடம் கைநாட்டு வாங்கிக் கமிட்டியின் முன் வைத்தேன். அதுவரை நான் செய்தவற்றில் பிழையில்லை.

உப்பளம் வைத்திருக்கும் மூத்த உறுப்பினர் முதலில் பேசினார். "பொம்பள பேசக் கூடாதுன்னு யாருங்க சொன்னது? பீடத்துல ஏறக் கூடாதுன்னுதான் சொல்றோம்."

"எழுதிக் குடுக்கட்டுமே," என்றார் இன்னொருவர். "இத்தன நாளா எழுதிக் குடுத்துனுதான இருக்காங்க?"

ஒருவரும் வியப்படையவில்லை. கமிட்டியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. போதகர் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

கமிட்டியில் போதகரைத் தவிர்த்து, என்னோடு ஒன்பது பேர். சமநிலை வந்தால் மட்டும் தலைவரான போதகர் வாக்களிப்பார். கைகளை உயர்த்தும் நேரம் வந்ததும் நான் எழுந்தேன். "நான் அவங்க தம்பி. இதுல நான் ஓட்டுப் போடறது முறையாகாது. வெளிய இருக்கேன்" என்றேன்.

"சார் மாதிரி நேர்மையான ஆளு கிடைக்க மாட்டாங்கப்பா" என்று யாரோ சொன்னது என் முதுகில் விழுந்தது. அக்கா, இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. எதிரே உப்புப் பாத்திகளில் மார்கழி மழைநீர் தேங்கிக் கிடந்தது. அதைப் பார்த்தபடி, கறைபடாத மனிதனாக நின்றுகொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வாயைக் கழுவத் தோன்றுகிறது.

உள்ளே நான்குக்கு நான்கு. போதகர் உனக்கு எதிராக வாக்களித்தார். நீ ஒருமுறை வாய் திறந்தால், ஓராண்டுக்கும் மேலாகத் தாங்கள் கேட்டுவந்தது யாருடைய பேச்சு என்பதைச் சபை கண்டுகொள்ளும். அவருடைய அச்சம் எனக்கு விளங்குகிறது. எனக்கு என்ன அச்சம்? சபை விதிகளைத் திருத்தி எழுதியவனே நான். சொத்திலோ ஒப்பந்தத்திலோ ஆதாயமுள்ள உறுப்பினர் மட்டுமே விலக வேண்டும் என்பது நானே எழுதிய வாசகம். உன் பேச்சில் எனக்கு என்ன ஆதாயம்? எழுந்து நின்ற அந்தக் கணத்திலும் அந்த விதி எனக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது.

வீட்டில் நீ பாடகர் குழுவின் அங்கிகளை மடித்துக்கொண்டிருந்தாய். செய்தியைச் சொன்னேன்.

"நீ எந்தப் பக்கம்டா?"

"நான் விலகிட்டேன்கா. தம்பிங்கறதால."

கையிலிருந்த அங்கியை மடித்து வைத்தாய். "வக்கீல் சாருக்குக் கேசு ஜெயிக்கணும்னு இல்ல. கோட்டு கசங்காம இருக்கணும்" என்றாய். பிறகு, "சோறு ஆறுது, வா" என்றாய். அந்தச் சனிக்கிழமை ஆள் வந்து கேட்டபோது பிரசங்கத்தை எழுதியும் கொடுத்தாய். "என்னைத்தான் வேணான்னாங்க. அந்தச் சனங்களுக்குச் சேர வேண்டியது சேரட்டும்" என்றாய்.

நினைவுக் கூட்டத்தில் குப்பத்துப் பெண்கள் இடப்புற வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நீ எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிப்பார்கள் என்று அஞ்சலை உன்னிடம் உறுதி வாங்கிய பிறகே வந்தாளாம். போதகர் உன் தாள்களிலிருந்து மூன்று பக்கங்கள் வாசித்தார். ஆலயம் அசையாமல் கேட்டது. அந்த அமைதி அவரை ஏமாற்றிவிட்டது. தாளிலிருந்து கண்ணை எடுத்து, சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்தார்: கர்த்தர் கடலைத் துடைப்பமாக எடுத்து இந்தக் கரையின் அழுக்கைக் கூட்டினார் என்றார்.

அஞ்சலை எழுந்தாள். "எம் புள்ளைங்க குப்பைங்களா ஐயா?"

போதகர் தாளில் விட்ட இடத்தைத் தேடினார். அவள் வெளியேறினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். கடைசி வரிசையிலிருந்து நீயும் எழுந்து போனாய். வாசலில் ஒரு முறை திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்தாய். நிகழ்ச்சி நிரலில் நன்றியுரை என் பெயரில் இருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். முறை வந்ததும் எழுந்து, ஆழமான செய்தி வழங்கிய போதகருக்குச் சபையின் சார்பில் நன்றி சொன்னேன். அந்தச் சொற்களை வேறு யார் வாயிலும் நான் வைக்க முடியாது, அவை என்னுடையவை.

வெளியே வந்தபோது சாலைக்கு அப்பால், பாத்தி வரப்பில், நீங்கள் அனைவரும் வட்டமாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நான் அருகில் வரவில்லை.

ஆறு மாதம் கழித்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. பாண்டி ஆஸ்பத்திரிக்குக் காரில் போகையில், பொம்மையார்பாளையம் தாண்டியதும் என் கையைப் பிடித்தாய். ஏதோ சொல்லப் போகிறாய் என்று குனிந்தேன். தண்ணீர் கேட்டாய். ஓராண்டுக்கும் மேலாக நீ எழுதிய பிரசங்கங்களை உன் பெயரோடு ஒருவரும் சொல்லவில்லை. இப்போது படத்தில் பீடமேற்றுகிறார்கள். இறந்தவள் வாய் திறக்கமாட்டாள் என்ற உறுதி வந்த பிறகு. செயலர் பதவியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விலகுவது எனக்கு எத்தனை எளிதாக வரும் என்பது நினைவுக்கு வந்தது. இருக்கிறேன். படம் அடுத்த கூட்டத்தில் மீண்டும் வரும். இம்முறை எதிர்த்துக் கை தூக்குவேன்.

நீ போன பின் குப்பத்துக்குப் போய் அஞ்சலையைக் கேட்டேன். "அன்னிக்கு வரப்புல அக்கா என்ன பேசினாங்க?"

"அவங்க எங்க சார் பேசினாங்க? எங்களத்தான் பேசச் சொன்னாங்க. ஒவ்வொருத்தியா சாமியத் திட்டினோம். வாய்க்கு வந்தபடி. அவங்க 'இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு'ன்னு கேட்டுனு இருந்தாங்க."

"அக்காவும் திட்டினாங்களா?"

"கடைசியா திட்டினாங்க. சாமிய இல்ல." முந்தானையை இழுத்துச் செருகினாள். "உங்கள."

என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அத நான் சொல்ல மாட்டேன் சார். எங்களுது நாங்க சொன்னோம். அவங்களுது அவங்க சொன்னாங்க. அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்" என்றாள்.

தீர்ப்பு சொல்லப்பட்டுவிட்டது, என்னிடம் அதன் நகல் இல்லை. உன் வாயில் வரக்கூடிய ஒவ்வொரு வசவையும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் போதுமானதாக இல்லை. சென்ற வாரமும் போயிருந்தேன். அஞ்சலை வலையைப் பிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "இன்னும் அதே கேள்விதானா சார்?" என்றாள்.

ஆமாம் என்றேன்.