ஆ-துவான் அக்காவின் கைவேகம்

மார்ச் 4, 1985. தாய்னான்

யூ டாக்டரின் மருத்துவமனையிலிருந்து மறுபடி போன். லின் குடும்பப்பெயர் நோயாளிகளின் ஃபிளாப்பி கெட்டுவிட்டது. திறந்தால் சென் ஆட்களின் பட்டியல் தெரிகிறது. ஒரு பதிவையும் படிக்க முடியவில்லை. அவர்களுக்குப் புரோகிராம் எழுதி, குடும்பப்பெயர் வாரியாக ஃபிளாப்பி பிரித்தது நான்தான். பாதி ஊர் சென், மீதி லின். வேறு எப்படிப் பிரிப்பது?

டாக்டர் என்னிடம் கத்தவில்லை. பதிவு மேசை ஆ-துவான் அக்காவிடம் கத்தினார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நீ வீட்டோட இருந்துக்க." கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்காவுக்கு அந்த மேசைதான்.

மார்ச் 5

அலுவலகத்தில் நாள் முழுக்கச் சோதித்தேன். சென், லின், மாற்றி மாற்றி. ஒன்றும் ஆகவில்லை. சரியான கல்லுளிமங்கன் இந்த இயந்திரம்.

மார்ச் 6

டாக்டர் மனைவி கணிப்பொறிமேல் கோயில் மந்திரத்தாள் ஒட்டியிருக்கிறார். ஒட்டட்டும்.

மார்ச் 7

இன்று அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மணிச்சட்டக் கணக்குப் போட்டியில் பரிசு வாங்கிய கைகள் அவை! டிரைவின் சிவப்பு விளக்கு அணைகிறது. இடக்கை பழையதை உருவ, வலக்கை புதியதைச் செருகுகிறது. நானோ எடுத்து, பெயர் பார்த்து, உறையில் போட்டு... ஆமை.

அப்போதுதான் பொறி தட்டியது. இயங்குதளத்துக்கு ஒரு நம்பிக்கை: ஃபிளாப்பியைத் தொட்ட இரண்டு விநாடிக்குள் எந்த மனிதராலும் அதை மாற்ற முடியாது. அதற்குள் எழுதச் சொன்னால், பார்க்காமலே பழைய ஃபிளாப்பியின் பட்டியலைப் புதியதில் எழுதிவிடும். அக்கா மாதிரி ஒருத்தர் இருப்பார் என்று அதைச் செய்தவர்கள் நினைக்கவே இல்லை.

மார்ச் 8

சந்தோஷமாக டாக்டரிடம் சொன்னேன்.

"அப்போ அவ கைதான் காரணம்ங்கிற?"

"இல்ல டாக்டர், சிஸ்டம்—"

"அதே சிஸ்டம்தானே எல்லாரும் வச்சிருக்காங்க? மெதுவா மாத்துற ஆளா பாத்துக்கிறேன். இவளுக்குத் திங்கக்கிழம வரைக்கும்தான் வேல."

ஐயோ, ஏன் வாயைத் திறந்தேன்? நல்லது செய்யப் போய் அக்காவை மாட்டிவிட்டேனே!

அக்கா மெதுவாகவும் செய்து பார்த்தார். "எண்ணிக்கிட்டு உக்காந்தா கை ஓடமாட்டேங்குதும்மா. வரிசைல புள்ளைங்க வேற அழுவுது."

மார்ச் 11

கிடைத்தது! ஒவ்வொரு டிரைவுக்கும் இயங்குதளம் தனக்குள் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. அதில் ஒரு பைட்டை மாற்றினால், 'இந்த ஃபிளாப்பியை நான் இன்னும் பார்க்கவில்லை' என்று நம்பிவிடும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இனி ஒவ்வொரு பதிவையும் திறக்கும் முன் என் புரோகிராமே அந்த பைட்டை மாற்றிவிடும். அதுவும் பாவம், திரும்பத் திரும்பப் பார்த்துத் தொலைக்கிறது.

அக்காவை முழு வேகத்தில் விட்டுப் பார்த்தோம். எதுவும் கெடவில்லை.

டாக்டர் வந்தார். "இப்ப சொல்லு. யார் தப்பு?"

இயங்குதளம் என்று சொன்னால் மறுபடி அக்காவின் கைதான் காரணம் என்பார்.

"என் புரோகிராம்ல தப்பு டாக்டர். சரி பண்ணிட்டேன்."

மார்ச் 12

எங்கள் அலுவலக முதலாளி வறுத்தெடுத்துவிட்டார். இனி மருத்துவமனை வேலை எனக்கில்லையாம். செய்யாத தப்புக்கு! அழுகை வருகிறது.

ஏப்ரல் 2

இருமல். யூ டாக்டரிடமே போனேன். மேசையில் அக்கா. கை பறக்கிறது, வரிசை கரைகிறது. லின் பதிவுகளை எல்லாம் பழைய காகித அட்டைகளைப் பார்த்து மறுபடி ஏற்றிவிட்டாராம்.

என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "ரொம்பத் திட்டிட்டாங்களாமே? மனசுல வச்சுக்காதம்மா. சின்னப் பொண்ணு, தப்பு பண்றது சகஜம்தான்." ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் திணித்தார். "இனிமே அவசரப்படாம நிதானமா வேல செய்யணும். என்ன?"

"சரிக்கா" என்றேன்.