எகிப்து நாடகமும் உன் அப்பாவும்

ரூவி, மஸ்கட்
9.7.86

அன்பு மகள் உமையாளுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, அப்பா தூங்கின பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது, எழுத்தும் கோணலாகத்தான் இருக்கும். இங்கே இருவரும் சுகம், திருச்சியில் நீயும் உன் ஹாஸ்டல் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எப்போதும் நினைப்பு.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கீழ்வீட்டு ஓமானி அம்மா உம்மு சல்மா மேல்தான். அவள் மகள் சல்மாவுக்கு உன் வயது, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று எழுதியிருந்தேனே, அது நின்றுபோய் அவள் யுனிவர்சிட்டியில் சேரப் போகிறாள். எல்லாம் நம் கடை வீடியோ கேசட்டால். அப்பா வாடகைக்கு விடுகிற எகிப்து நாடகத்தில் ஒரு பெண் தகப்பன் முன்னால் நின்று, வக்கீலான பிறகுதான் கல்யாணம் என்கிறாளாம். வீடே உட்கார்ந்து பார்த்து அழுதார்களாம், சல்மாவின் அப்பாவுக்குத் தாடி நனைந்துவிட்டதாம். உன்னை மடியில் போட்டுக்கொண்டு தபாலில் பி.ஏ. முடித்தவள் நான், உன்னை மேலே படிக்க வைக்கச் சொல்லி மாதக்கணக்கில் உன் அப்பாவிடம் பேசியும் நடக்காததை, சோப்புத்தூள் விளம்பரங்களுக்கு நடுவே ஒரு நடிகை நடத்திவிட்டாள். போன வாரம் உம்மு சல்மா அல்வாவோடு வந்து அப்பாவுக்கு நன்றி சொன்னபோது வயிறு எரிந்தது. அவரோ, "அரபில என்ன பேசுறாய்ங்கன்னு எனக்கென்ன தெரியும், கேசட்ட காப்பி எடுத்து வச்சா கடையில நிக்காம போகுது" என்று அல்வாவைத் தின்கிறார். பிளஸ் டூ முடிந்ததும் உன்னை அத்தை மகன் வைரவனுக்குக் கொடுப்பதாகச் சொன்ன அதே வாயால்.

அதனால் ஒரு வேலை செய்தேன். உம்மு சல்மாவிடம் கதையைக் கேட்டுக்கொண்டு தினமும் அவர் சாப்பிடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். "ம், அப்புறம்?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார். இன்றைக்கு அந்தப் பெண் தகப்பன் முன்னால் நிற்கிற இடம் வந்தது. பிசைந்த சோறு கையிலேயே இருக்க, "அந்தப் புள்ள தன் வாயாலயே கேட்டுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "நம்ம புள்ள எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே, நீதான கெடந்து கத்துற" என்று சொல்லிக் கை கழுவப் போய்விட்டார். தட்டை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது உமையாள். உன்னை நானும் கேட்கவில்லைதானே.

ஆவணியில் லீவில் வந்து அத்தையிடம் பேசி முடிக்கப் போகிறார். படிக்க வேண்டுமா, வைரவனே போதுமா, எதுவானாலும் நீயே எழுது. எனக்கு வேண்டாம், அப்பா பேர் போட்டுக் கடை விலாசத்துக்கு எழுது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி கண் விழிக்காதே. நீ நினைத்தது நடந்து நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
சிவகொழுந்து