மூக்குச் சத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போயிற்று.

பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆக்சிஜன் குழாயை இன்று காலையில் எடுத்துவிட்டார்கள்.

பிறந்ததிலிருந்தே அவன் மூக்கு கர்ரு கர்ரென்று சத்தம் போட்டதல்லவா? குளிப்பாட்டிய கையோடு, "என் மெஷினும் இப்படித்தான்டி கத்தும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டா அடங்கிடும்" என்று தேங்காய் எண்ணெயை மூக்கில் விட்டாய். தையல்காரி கையல்லவா, துளிகூட வெளியே சிந்தவில்லை. நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். சத்தம் அடங்கத்தான் செய்தது. ஆனால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டதாம்.

"மூக்குல எண்ணெய் விட்டது யாரு? முதல்லயே சொல்லியிருக்க வேணாமா?" என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் கத்தினார். நான்தான் என்றேன். அன்றிலிருந்து இவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நீ வந்து அவரிடம் எதையாவது உளறி வைக்காதே.

உன்மேல் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். கோபப்படத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

இப்போது மூக்கு பழையபடி கர்ரு கர்ரென்கிறது. பிறந்த பிள்ளைக்கு அப்படித்தான் இருக்குமாம், தானாகவே சரியாகிவிடுமாம். அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்குக் கண் மூடுகிறது.

நீயும் வந்து கேள். குளிப்பாட்ட நீதான் வேண்டும். வெறுங்கையோடு வா.

உன் தங்கை